கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை ஏன் விட்டார்? வாசகர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025 மே 28 அன்று தம் 87ஆம் வயதில் காலமானார். அதற்குப் பிறகு எங்கள் வாசகர் வட்டத்தில் நான்கு கூட்டங்கள் அவரைப் பற்றியே நடந்தன. ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்ற ஒருவர், அந்த மொழியை விட்டுவிட்டுத் தம் தாய்மொழியான கிகுயுவுக்குத் திரும்பினார் என்ற ஒரு செய்தியைச் சுற்றியே கேள்விகள் வந்தன. சிலர் வியப்போடு கேட்டார்கள், சிலர் சந்தேகத்தோடு கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் கல்வியாளன் இல்லை. இருபது ஆண்டுகளாக அவரைப் படித்துவரும் வாசகன். என் சாய்வு பதில்களில் தெரியும்; அதை மறைக்க விரும்பவில்லை.

அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1938 ஜனவரி 5 அன்று, கென்யாவின் லிமுரு பகுதியில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது கென்யா பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. இவருக்கு ஜேம்ஸ் கூகி என்று பெயர். உகாண்டாவின் மக்கெரேரே கல்லூரியிலும் பிறகு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1964, 1965, 1967, 1977 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலத்தில் நான்கு நாவல்கள் வந்தன. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், சிறை சென்றார், 1982 முதல் நாடுகடந்து வாழ்ந்தார், கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் கற்பித்தார். நடுவில் ஜேம்ஸ் என்ற பெயரையும் ஆங்கிலப் புனைவையும் கைவிட்டார்.

கிகுயு எப்படிப்பட்ட மொழி?

பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கென்யாவின் மிகப் பெரிய இனக்குழுவின் மொழி. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிகுயு மக்கள் 80 லட்சத்துக்கும் அதிகம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கு அவ்வளவு பேர் கிடையாது. எனவே இதை அழிவின் விளிம்பில் நிற்கும் சிறு மொழி என்று நினைத்துக்கொண்டு கூகியைப் படிக்கத் தொடங்கினால் விஷயம் தவறிப்போகும். பேச ஆள் இருந்தார்கள், பாட்டும் கதையும் பழமொழியும் இருந்தன. பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் புத்தகக் கடையிலும்தான் அதற்கு இடம் இல்லை.

எழுத்து ரோமன் எழுத்துதான். கிறித்தவ மிஷனரிகள் வேதாகமத்தை மொழிபெயர்க்கும்போது அமைத்துக் கொடுத்தது. கூகியின் பெயரில் உயிரெழுத்துகளின் மேல் நெளிகோடு போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கிகுயுவின் ஒலிகளுக்காகச் சேர்த்த குறி. ஆனால் குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி அது. அந்த ஏற்ற இறக்கத்தையும் குறில் நெடில் வேறுபாட்டையும் இந்த எழுத்துமுறை சரியாகக் காட்டுவதில்லை. சிறையில் உட்கார்ந்து முதல் கிகுயு நாவலை எழுதும்போது, முந்தின நாள் எழுதிய பத்தியை மறுநாள் வாசித்தால் வேறு பொருள் தருகிறதே என்று தாம் திணறியதைப் பின்னர் பதிவு செய்திருக்கிறார். தாய்மொழிக்குத் திரும்புவது வீட்டுக்குத் திரும்புவதுபோல எளிது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். அவருக்கு அது புதிதாக ஒரு தொழிலைக் கற்பதுபோல இருந்தது.

சிறுவயதில் ஆங்கிலம் அவருக்கு எப்படி வந்தது?

அவருடைய நினைவில் முதலில் இருப்பது அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதைகள். பெரும்பாலும் விலங்குக் கதைகள். அவற்றில் முயல்தான் நாயகன். உருவத்தில் சிறியது, அறிவால் சிங்கத்தையும் கழுதைப்புலியையும் வெல்லும். மறுநாள் தேயிலைத் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும்போது பிள்ளைகள் அதே கதைகளை மறுபடியும் சொல்வார்கள். வீட்டில், வயலில், முதலில் சென்ற பள்ளியில், எல்லா இடத்திலும் ஒரே மொழி.

1952இல் நெருக்கடிநிலை வந்தது. மௌ மௌ விடுதலைப் போராட்டத்தை ஒடுக்குவதற்காகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது அது. கிகுயு மக்கள் தாங்களாகவே நடத்திவந்த பள்ளிகள் அரசின் பிடிக்குள் போயின. ஆங்கிலம் பாடமொழி ஆயிற்று. பள்ளி வளாகத்தில் கிகுயு பேசிப் பிடிபட்டால் பிரம்படி. இல்லையென்றால் 'நான் முட்டாள்', 'நான் கழுதை' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பேசியவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் ஒரு பிள்ளையிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். யார் தாய்மொழியில் பேசுகிறாரோ அவரிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். மாலையில் யார் கையில் பொத்தான் இருக்கிறதோ அந்தப் பிள்ளை முந்தின ஆளைக் காட்டிக்கொடுக்கும், அவர் அதற்கு முந்தினவரை. இப்படி அன்று பேசிய எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். மற்ற எல்லாப் பாடத்திலும் சிறந்த மதிப்பெண் வாங்கினாலும் ஆங்கிலத்தில் தவறினால் மொத்தமாகத் தோல்வி.

வேல்சில் 19ஆம் நூற்றாண்டில் வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு தொங்கவிட்டார்கள். ஒக்கினாவாவில் ஜப்பானிய ஆசிரியர்கள் அட்டை தொங்கவிட்டார்கள். கண்டம் கடந்து இந்த உத்தி ஒரே மாதிரி இருப்பது என்னைத் தூங்கவிடாத விஷயம். நான் படித்த பள்ளியில் தகடு இல்லை. வகுப்பில் தமிழில் பேசினால் ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபாய் அபராதம், பெயர் எழுதிக் கொடுப்பது வகுப்புத் தலைவனின் வேலை. ஒரு வருடம் அந்த வேலையை நான் செய்தேன். கூகியின் பொத்தான் கதையை முதன்முதலில் படித்த இரவு, அந்த நோட்டில் நான் எழுதிய பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வலி எங்கே இருக்கிறது என்றால் தண்டனையில் இல்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்கப் பழகுவதில் இருக்கிறது.

1962 மக்கெரேரே மாநாட்டை எல்லாரும் குறிப்பிடுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

மக்கெரேரே கல்லூரி இருக்கும் கம்பாலாவில் அந்த ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கூடினார்கள். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, கிறிஸ்டபர் ஒகிக்போ, எஸெக்கியேல் மஃபலேலே என்று பெரிய பெயர்கள். ஆனால் அழைப்பிதழிலேயே 'ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள்' என்று வரையறை இருந்தது. மாணவராக இருந்த கூகி, இரண்டு சிறுகதைகள் அச்சில் வந்திருந்த தகுதியில் உள்ளே போனார். சுவாஹிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும், யொருபாவில் பல நாவல்கள் எழுதிய ஃபகுன்வாவுக்கும் அந்த வரையறைப்படி இடம் இல்லை. ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் என்ன என்று நாள் முழுக்க விவாதித்த அரங்கில், ஆப்பிரிக்க மொழியில் எழுதியவர்கள் இல்லை.

அடுத்த ஆண்டு நைஜீரிய விமர்சகர் ஓபி வாலி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு எழுதினால் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில்தான் போய் நிற்கும் என்றார். அவரைப் பலரும் கடுமையாக மறுத்தார்கள். கூகி அந்தக் கருத்தை முழுதாக ஏற்றுக்கொள்ள இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அச்செபேயும் கூகியும் இந்த விஷயத்தில் எதிரிகளா?

எதிரிகள் என்ற சொல் பொருந்தாது. மக்கெரேரேயில் கூகி தம் முதல் நாவலின் கையெழுத்துப் படியைக் கொடுத்ததே அச்செபேயிடம்தான். அவர் படித்துக் கருத்துச் சொல்லி, ஹைனமன் பதிப்பகத்தின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் அது வர உதவினார்.

கருத்தில் மாறுபட்டார்கள். ஆங்கிலத்தால் தம் ஆப்பிரிக்க அனுபவத்தைச் சுமக்க முடியும், ஆனால் அது புதிய ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்றார் அச்செபே. நூற்றுக்கணக்கான மொழிகள் கொண்ட நைஜீரியாவில் எழுத்தாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஆங்கிலமே வழி என்பது அவர் வாதம். கூகியின் பதில் இதுதான்: ஆப்பிரிக்கப் பழமொழியையும் இசையையும் கொண்டுவந்து ஆங்கிலத்தை வளப்படுத்துகிறோம் என்று பெருமைப்படுகிறோமே, நம் மொழிகளை வளப்படுத்துவது யார்?

இந்த வாதத்தில் நான் கூகியின் பக்கம். ஆனால் அச்செபே தம் இனமான இக்போ மக்களின் வாழ்வை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்த விதத்தைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தடுமாறுகிறேன். அந்தத் தடுமாற்றத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஆங்கிலத் துறையையே ஒழிக்கச் சொன்னாராமே?

1968இல் நைரோபியில் கூகி, ஹென்றி ஒவூர் அன்யும்பா, தபான் லோ லியோங் மூவரும் அப்படி ஒரு குறிப்பை முன்வைத்தார்கள். ஆங்கில இலக்கியத்தைப் படிக்கவே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. நடுவில் ஆப்பிரிக்காவை வையுங்கள். வாய்மொழி இலக்கியம், சுவாஹிலி, கரீபிய எழுத்து, மற்ற உலக இலக்கியம் எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமையுங்கள் என்றார்கள். இலக்கியத் துறை என்ற பெயரில் அந்த மாற்றம் பின்னர் நடந்தது.

அப்படியானால் மனம் மாறியது எப்போது? ஏதாவது ஒரு கட்டுரையைப் படித்தா?

கட்டுரையால் மாறியிருந்தால் 1963இலேயே மாறியிருக்க வேண்டும். மாற்றியது ஒரு கிராமம். என் பதில்களில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

லிமுருவுக்கு அருகே கமிரீத்து என்று ஓர் ஊர். 1950களில் கெரில்லாக்களுக்கு உணவும் உதவியும் போகாதபடி, பிரிட்டிஷ் அரசு சிதறிக் கிடந்த குடும்பங்களை இடித்துப் பெயர்த்து ஒரே இடத்தில் அடைத்து உருவாக்கிய ஊர். சிறுவன் கூகி உயர்நிலைப் பள்ளி விடுதியிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது தம் பழைய வீடு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தவர். அந்த ஊரின் மக்கள் தேயிலைத் தோட்டங்களிலும் காலணித் தொழிற்சாலையிலும் வேலை செய்தார்கள். பலருக்கு நிலம் இல்லை.

1976இல் ஒரு நாள் விடியற்காலையில் அந்த ஊர்ப் பெண் ஒருவர் பேராசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டினார். நீங்கள் நிறையப் படித்தவர், புத்தகம் எழுதுபவர் என்று கேள்விப்பட்டோம், அந்தப் படிப்பில் கொஞ்சம் ஊருக்கும் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். ஒரு முறை கேட்டுவிட்டுப் போகவில்லை. வாரம் தவறாமல் வந்தார். கடைசியில் கூகி போனார்.

அங்கே முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. பிறகு ஒரு நாடகம் போடலாம் என்று முடிவாயிற்று. கூகியும், அதே முதற்பெயர் கொண்ட இன்னொரு எழுத்தாளரான கூகி வா மிரீயும் சேர்ந்து எழுதினார்கள். எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது, எழுந்த உடனே விடையும் தெரிந்துவிட்டது. ஊர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குப் புரியாத மொழியில் எப்படி எழுதுவது? அந்தக் கேள்வி அதுவரை தமக்கு எழவில்லையே என்பதுதான் அவரை உலுக்கியது. விவசாயிகளைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு நாவல்கள் எழுதியிருந்தார். அந்த விவசாயிகளில் ஒருவராலும் அவற்றைப் படிக்க முடியாது.

நாடகத்தின் பெயர் 'ஙாஹிகா ந்தேந்தா'. 'விரும்பும்போது மணம் முடிப்பேன்' என்று பொருள். ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் ஓர் ஏழைக் குடும்பம் அந்த நிலத்தை இழக்கும் கதை. பிரதியை ஊர் நடுவில் வாசித்தார்கள். கேட்டவர்கள் திருத்தினார்கள். ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார், அவருக்கு மரியாதை வேண்டுமென்றால் இந்தப் பழமொழியைச் சொல்லவையுங்கள் என்றார்கள். பாட்டும் நடனமும் சடங்கும் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பெண்கள் கற்றுக்கொடுத்தார்கள். தொழிலாளிகள் தாங்கள் ஒரு நாளில் செய்யும் காலணிகளின் விலையையும் தங்கள் கூலியையும் கணக்குப் போட்டு வசனத்துக்குள் கொண்டுவந்தார்கள். இலக்கியத்தில் பட்டம் பெற்ற பேராசிரியர் மொழியில் மாணவராக உட்கார்ந்திருந்தார். சுமார் 2,000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை ஊர் மக்களே கட்டினார்கள்.

1977 அக்டோபர் 2 அன்று அரங்கேறியது. தொலைவான ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். நவம்பர் 16 அன்று அரசு அனுமதியை ரத்து செய்தது. ஆறரை வாரம்தான். டிசம்பர் கடைசி நாளில் கூகி கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ஆங்கில நாவலும் அரசை அப்படியே தாக்கியது. அதற்காக அவரை யாரும் தொடவில்லை. எந்த மொழியில் சொன்னால் அதிகாரம் பயப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1982இல் அதே குழு அடுத்த நாடகத்துக்குத் தயாரானபோது அரசு தடுத்தது. மார்ச் 12 அன்று மூன்று லாரிகளில் போலீஸ் வந்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கியது.

கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. கமிட்டி என்ற உயர்பாதுகாப்புச் சிறையில், விசாரணை இல்லாமல் ஏறத்தாழ ஓராண்டு. எழுதத் தாள் கிடையாது. கைதிகளுக்குக் கொடுத்த கழிப்பறைக் காகிதம் முரடாக இருந்தது. உடம்புக்குத் துன்பம், பேனாவுக்கு வசதி. ஒரு சோதனையில் அத்தனையும் பறிபோய், சில வாரங்களுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. சிறையில் இருந்தபோதுதான் இனிப் புனைவைக் கிகுயுவில் மட்டுமே எழுதுவது என்று உறுதி கொண்டார். 1978 ஆகஸ்டில் அதிபர் கென்யாட்டா இறந்தார்; டிசம்பரில் கூகி விடுதலையானார். பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கிகுயுவில் எழுதினால் யார் வாங்குவார்கள்? விற்றதா?

1980இல் நைரோபியில் ஹென்றி சகாவா என்ற பதிப்பாளர் அந்த நாவலைத் துணிந்து வெளியிட்டார். அதற்காக அவருக்கு மிரட்டல்கள் வந்தன. முதல் பதிப்பு 5,000 படிகள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் விற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் இன்னொரு 5,000 அச்சடிக்க வேண்டி வந்தது, அதே ஆண்டில் மறுபடியும் ஒரு 5,000.

விற்ற எண்ணிக்கையைவிட அது படிக்கப்பட்ட விதத்தை நான் அதிகம் நேசிக்கிறேன். மாலையில் குடும்பம் ஒன்றுகூடும். எழுத்தறிந்த பிள்ளை வாசிக்கும், மற்றவர்கள் கேட்பார்கள். தொழிற்சாலையில் உணவு இடைவேளையில் ஒருவர் வாசிப்பார். மட்டாட்டு எனப்படும் வாடகை வண்டிகளில் வாசித்தார்கள். மதுக்கடைகளில் ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டே வந்து, கதை சூடுபிடிக்கும் இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். யாராவது அவருடைய கோப்பையை நிரப்பினால்தான் மேலே போவார். அச்சடித்த நாவல், அடுப்போரக் கதையாக மறுபடியும் மாறிவிட்டது. எழுத்தறிவு குறைந்த மொழியில் நாவலுக்கு வாசகர் இல்லை என்று சொன்னவர்கள் கேட்பவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசு ஒரு கதாபாத்திரத்தைக் கைது செய்யத் தேடியதாமே?

ஆம். 1986இல் வந்த அடுத்த கிகுயு நாவலின் நாயகன் பெயர் மதிகாரி. காட்டிலிருந்து திரும்பிய விடுதலைப் போராளி, உண்மையும் நீதியும் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறான். மக்கள் அவனைப் பற்றிப் பேசிய பேச்சு உளவுத்துறைக்கு எட்டி, அவனைப் பிடிக்க உத்தரவு போனது. புத்தகத்தில் வரும் ஆள் என்று தெரிந்ததும், 1987 பிப்ரவரியில் கடைகளிலிருந்து புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாரே, பிறகு நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதினாரே. இது முரண்பாடு இல்லையா?

எங்கள் கூட்டங்களில் மிகக் காரமாக வந்த கேள்வி இது. நியாயமான கேள்வி.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு முரண்பாடு இல்லை. முதல் வாசகர் யார் என்பதே அவருக்கு முக்கியம். கிகுயு வாசகர் கையில் முதலில் போய், அவர்கள் சிரித்து, சண்டையிட்டு, சொந்தமாக்கிக்கொண்ட பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும் என்றார். மதிகாரியை வங்குயி வா கோரோ மொழிபெயர்த்தார், வேறு சிலவற்றைக் கூகியே செய்தார். மொழிகளைப் படிக்கட்டாக அடுக்காதீர்கள், வலையாகப் பின்னுங்கள் என்பது அவர் இறுதிக் காலம் வரை சொன்னது.

2010 முதல் வந்த நினைவுக் குறிப்பு நூல்கள் வேறு விஷயம். 1986இல் வெளியிட்ட கட்டுரை நூலின் தொடக்கத்தில், இனி எல்லா எழுத்துக்கும் கிகுயுவும் சுவாஹிலியும்தான் என்று அறிவித்தவர் அவர். அந்த வாக்கை முழுதாகக் காப்பாற்றவில்லை. தம் நாட்டு வாசகர்களிடமிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் பிரிக்கப்பட்ட மனிதர், அமெரிக்க வகுப்பறையில் ஆங்கிலத்தில் கற்பித்துப் பிழைத்தவர் என்பதை நினைத்தால் எனக்குப் புரிகிறது. புரிவதால் அது குறையில்லை என்று ஆகிவிடாது.

ஆளாளுக்குத் தாய்மொழி என்றால் நாடு சிதறாதா? கென்யாவில் இனக் கலவரம் நடந்ததே?

2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த வன்முறை கொடுமையானது; அதில் கிகுயு மக்கள் கொன்றதும் உண்டு, கொல்லப்பட்டதும் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அரசியலை நடத்திய தலைவர்கள் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் ஆண்டவர்கள். ஆங்கிலம் அவர்களை ஒன்றாக்கவில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கூகியைச் சிறையில் போட்ட கென்யாட்டா ஒரு கிகுயு. கிகுயுவில் எழுதியது கிகுயுப் பணக்காரர்களுக்கு எதிராகவும்தான்.

பொதுமொழி வேண்டாம் என்று கூகி சொன்னதில்லை. தாய்மொழியில் காலூன்றி, மேலே சுவாஹிலி, அதற்கு மேல் ஆங்கிலம் என்று சேர்த்துக்கொண்டே போனால் அது பலம். உலக மொழிகள் எல்லாம் தெரிந்து தன் மொழி தெரியாவிட்டால் அது அடிமைத்தனம் என்பார். கென்யாவின் 2010 அரசமைப்புச் சட்டம் சுவாஹிலியைத் தேசிய மொழியாகவும், சுவாஹிலி, ஆங்கிலம் இரண்டையும் ஆட்சி மொழிகளாகவும் வைத்திருக்கிறது. அண்டை நாடான தான்சானியாவில் அதிபர் நியெரேரேயே உட்கார்ந்து ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது.

உலகமயக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதினால்தானே உலகம் முழுக்கப் போக முடியும்?

2016இல் 'ஜலாடா' என்ற இளம் ஆப்பிரிக்க எழுத்தாளர் குழு, கூகி தம் மகளுக்காகக் கிகுயுவில் எழுதிய ஒரு சின்னக் கதையை வெளியிட்டது. மனிதன் ஏன் நிமிர்ந்து நடக்கிறான் என்பதைச் சொல்லும் கதை. முதலில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. இன்று நூறு மொழிகளைத் தாண்டிவிட்டது. அதிலும் பல ஆப்பிரிக்க மொழிகள். ஆங்கிலத்தில் எழுதிய எந்த ஆப்பிரிக்கச் சிறுகதையும் அவ்வளவு மொழிகளுக்குப் போகவில்லை. 2021இல் அவருடைய கிகுயுக் காவியத்தின் ஆங்கில வடிவம் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. ஆப்பிரிக்க மொழியொன்றில் எழுதிய நூல் அங்கே இடம்பெற்றது அதுவே முதல் முறை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கூகிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. பெயரில்லாத இருபத்தைந்து வயதுக் கிகுயு எழுத்தாளருக்கு மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து வருவார்? கென்யப் பதிப்பகங்கள் பாடநூல் விற்பனையில் வாழ்பவை; பாடநூல் சந்தை ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் இருக்கிறது. கூகியின் வழியில் போனவர்கள் மிகச் சிலர்தான். செனகலின் பூபக்கர் போரிஸ் ஜோப் பிரெஞ்சில் புகழ்பெற்ற பிறகு 2003இல் வொலோஃப் மொழியில் நாவல் எழுதினார், அவரும் முன்பே அறியப்பட்டவர். தனி எழுத்தாளரின் மன உறுதியை மட்டும் நம்பி ஒரு மொழி இலக்கியத்தைக் கட்ட முடியாது. பள்ளி, நூலகம், பரிசு, மொழிபெயர்ப்புக்குப் பணம் ஆகியவை அரசிடமிருந்து வர வேண்டும். 2000ஆம் ஆண்டு எரித்திரியாவின் அஸ்மாரா நகரில் கூடிய எழுத்தாளர்களும் அறிஞர்களும் வெளியிட்ட பிரகடனம் ஆப்பிரிக்க மொழிகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்தது. கூகி அதில் முன்னின்றார். பிரகடனம் அழகாக இருக்கிறது, பள்ளிகள் இன்னும் மாறவில்லை.

நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை?

ஆண்டுதோறும் அவர் பெயர் அடிபட்டது, கிடைக்கவில்லை. ஒரு முறை, பரிசு வேறொருவருக்கு என்று தெரிந்ததும், விடியற்காலையில் வீட்டு வாசலில் காத்திருந்த புகைப்படக்காரர்கள் தம்மைவிட ஏமாந்துபோனார்கள் என்றும், மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்துத் தேற்றினார் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது? நாம் தமிழில்தானே எழுதுகிறோம்?

உண்மை, நம் நிலை வேறு. தமிழில் அச்சு நூல் வந்தது 1578இல். இன்று நாளிதழும் பதிப்பகமும் புத்தகக் காட்சியும் இருக்கின்றன. எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி பெரும்பாலான தமிழ் எழுத்தாளர்களுக்கு எழுந்ததே இல்லை. இந்தப் பேற்றை நாம் உணராமல் இருக்கிறோம் என்பது என் வருத்தம்.

ஆனால் கமிரீத்துவின் கேள்வி நமக்கும் உண்டு. யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுதுகிறோம்? என் அக்காள் மகள் தமிழை நன்றாகப் பேசுவாள், ஆனால் ரோமன் எழுத்தில்தான் எழுதுவாள். தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் வாசிக்க அவளுக்கு நெடுநேரம் ஆகிறது. அவள் கெட்டிக்காரி. அவளுடைய பள்ளியில் தமிழைத் தேவையற்ற சுமையாக நடத்தினார்கள், நாங்களும் மதிப்பெண்ணை நினைத்துச் சும்மா இருந்தோம். அவளைப்போல எத்தனையோ பேர் காதால் தமிழர்களாக இருக்கிறார்கள். கேட்பவர்களை வாசகராக மதித்த கிகுயு மதுக்கடையை நினைத்துக்கொள்கிறேன். இப்போது ஞாயிறுதோறும் அவளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுகிறேன். நடுவில் நிறுத்தும் உத்தியையும் கையாள்கிறேன். இரண்டு முறை, மிச்சத்தை அவளே எடுத்து வாசித்தாள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

கழிப்பறைக் காகித நாவல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் தமிழில் இருக்கிறது. கிகுயுவிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு கடல் தாண்டி வந்தது. ஒரு குகையில் நவீனத் திருடர்களும் கொள்ளையர்களும் தங்களில் யார் சிறந்தவர் என்று மேடையேறிப் போட்டி போடும் பகுதி வரும். அதைத் தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படிக்காதீர்கள். நான்கு பேரைக் கூட்டி, ஆளுக்கொரு திருடனைப் பிரித்துக்கொண்டு உரக்க வாசியுங்கள். எங்கள் வட்டத்தில் இரண்டாவது கூட்டத்தில் அப்படித்தான் செய்தோம். இரவு பத்து மணிக்கு அரங்கின் காவலாளி விளக்கை அணைக்க வந்தவர், மூன்றாவது திருடன் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.